பிளஸ் ஒன்னில் தொடங்குகிறது: வடசென்னை மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வு வழிகாட்டி

தண்டையார்பேட்டை பக்கம் மாலை நேர டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் ஜூன் மாதம் நான் கேட்கும் முதல் கேள்வி, “என்னப்பா படிக்கப் போற?” என்பதுதான். “நீட் சார்”, “ஜேஇஇ சார்” என்று பதில் வரும். அவை பரீட்சையின் பெயர்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் மெட்டீரியல் வாங்குவதும், கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதும், விடியற்காலை அலாரம் வைப்பதும் வீண் வேலை. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

முதல் படி: உங்களுக்கு நுழைவுத் தேர்வு தேவையா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க நுழைவுத் தேர்வு கிடையாது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் வழி இதுதான். அரசு கலைக் கல்லூரிகளும் அப்படித்தான்: வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கோ பாரதி மகளிர் கல்லூரிக்கோ யாரும் நெகட்டிவ் மார்க் போட்டுப் பரீட்சை வைப்பதில்லை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிளஸ் டூ மதிப்பெண் போதும். இந்தப் படிப்புகள்தான் உங்கள் இலக்கு என்றால் பொதுத் தேர்வில் முழு கவனத்தையும் வையுங்கள்.

நுழைவுத் தேர்வு வேண்டியவை வேறு. எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம் எல்லாவற்றுக்கும் நீட். திருச்சி என்ஐடி, காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் போன்றவற்றுக்கு ஜேஇஇ மெயின். ஐஐடிக்கு மெயினில் தேறி, அதற்கு மேல் அட்வான்ஸ்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குக் க்யூட். கட்டடக் கலைக்கு நாட்டா. திருச்சி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் க்ளாட். அது முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை தினமும் கப்பலைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஐஎம்யூ செட் என்ற தேர்வின் பெயரே தெரிவதில்லை. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில்தான் இருக்கிறது. மரைன் இன்ஜினீயரிங் நான்கு ஆண்டு, நாட்டிகல் சயன்ஸ் மூன்று ஆண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது என்பதால், ஆசை வைப்பதற்கு முன் ஒரு கண் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. ‘கப்பல் வேலை வாங்கித் தருகிறோம்’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் பணம் கொடுப்பதற்கு முன், அந்த நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அந்தப் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம்.

முடிவாக ஒரு பெரிய தேர்வு, அதே பாடத்தில் எழுதக்கூடிய ஒரு சின்னத் தேர்வு, கூடவே பிளஸ் டூ மதிப்பெண் வழி. இந்த மூன்றும் இருந்தால் போதும். ஐந்தாறு விண்ணப்பம் போட்டுவிட்டு எதற்கும் உருப்படியாகப் படிக்காத பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

இரண்டாம் படி: பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது என்ற வகையில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சில பள்ளிகளில் அதன் பின்விளைவு என்னவென்றால், பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். கட்-ஆஃபில் பிளஸ் ஒன் மதிப்பெண் சேராது என்பது பெற்றோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இது தெரியாது. இரண்டின் பாடத்திட்டத்திலும் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம்தான்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தில் பிளஸ் டூவில் வரும் அணிகள், வெக்டர், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை நம்முடைய பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. நம் பிளஸ் டூ புத்தகம் ‘இதெல்லாம் உனக்குத் தெரியும்’ என்ற நினைப்பில் நேராக வரையறுத்த தொகையிடலுக்குள் போகும். பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்த பிள்ளை அங்கே தடுக்கி விழும். கலப்பெண்கள் நேர்மாறு: அவர்களுக்குப் பிளஸ் ஒன்னில், நமக்குப் பிளஸ் டூவில். வேதியியலில் அயனிச் சமநிலையும் அப்படித்தான். அதனால் இணையத்தில் கிடைக்கும் ‘பதினொன்றாம் வகுப்பு டெஸ்ட் சீரிஸ்’ ஒன்றை அப்படியே எடுத்து எழுதினால், நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வரும். பிள்ளை தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சோர்ந்துபோகும். வகுப்பைப் பார்க்காதீர்கள், பாடத்தின் பெயரைப் பாருங்கள்.

இப்போது பிளஸ் டூவில் இருந்துகொண்டு, பிளஸ் ஒன்னைக் கோட்டை விட்டுவிட்டீர்கள் என்றால்? எல்லாவற்றையும் மீட்க முடியாது, இவற்றை மட்டும் பிடியுங்கள். இயற்பியலில் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல் மூன்றும். வேதியியலில் மோல் கணக்கு, அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை. உயிரியலில் விலங்கியல் பக்கம் மனித உடல் செயலியல். கணிதக்காரர்களுக்கு முக்கோணவியலும் வகையிடலும். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் இதற்கென்று ஒதுக்கி ஜூனிலிருந்து ஆரம்பித்தால் அரையாண்டுக்குள் இவற்றை முடித்துவிடலாம்.

மூன்றாம் படி: புத்தகம்

குறைவாக வாங்குங்கள். நீட் எழுதுகிறவர்களுக்கு என்சிஇஆர்டி உயிரியல் கட்டாயம். கேள்வியின் வாக்கியமே அந்தப் புத்தகத்திலிருந்து வரும். நமக்குத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம், அவர்களுக்கு ஒன்றே ஒன்று. மரபியல் நம்மிடம் தாவரவியலில் பாதி, விலங்கியலில் பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் முதலில் நம் புத்தகத்தில் பாடத்தைப் புரிந்துகொண்டு, பிறகு என்சிஇஆர்டியை வரிவரியாகப் படிக்கலாம். இயற்பியலுக்கு நம் புத்தகத்தின் விளக்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கணக்குப் பயிற்சிக்கு மட்டும் வெளிப் புத்தகம் ஒன்று வேண்டும். இரண்டு பாடநூல்களும் இணையத்தில் பிடிஎஃபாக இலவசம்.

தேசியத் தேர்வு முகமை வெளியிடும் பாடத்திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்ற பாடங்களை நீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் பிளஸ் டூ வேதியியலில் இரண்டும் இருக்கின்றன. பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும், நீட்டுக்கு வேண்டாம். இதைத் தெரியாமல் ஏப்ரலில் கனசதுர அலகுக் கூட்டைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் உண்டு.

புதுப் புத்தகம் வாங்கக் காசு இடித்தால் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போங்கள். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இடம் பெயர்ந்தன. பேரம் பேசலாம், ஆனால் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். பழைய நீட் புத்தகத்தில் 200 கேள்வி, 200 நிமிடம் என்ற முறை இருக்கும். 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பத் தேர்வு கிடையாது. ஜேஇஇ மெயினிலும் அதே ஆண்டு விருப்பக் கேள்விகள் போயின. இப்போது 75 கேள்வி, 300 மதிப்பெண். கணக்குகள் பழையவையானாலும் பயன்படும், மாதிரித் தேர்வுத் தாள்தான் புதிதாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு பாடத்தை எப்படிப் படிப்பது

எறிபொருள் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். பொதுத் தேர்வில் ‘கிடைத்தள நெடுக்கத்துக்கான கோவையை வருவி’ என்று கேட்பார்கள். படம் வரைந்து, வரிவரியாக எழுதினால் முழு மதிப்பெண். அதே பாடத்தில் நுழைவுத் தேர்வு இப்படிக் கேட்கும்: ஒரே வேகத்தில் இரண்டு பந்துகளை, ஒன்றை 30 டிகிரியிலும் மற்றொன்றை 60 டிகிரியிலும் எறிந்தால், அவை தொடும் பெரும உயரங்களின் தகவு என்ன?

புக் பேக் கேள்வியை மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டு பந்துக்கும் முழு வாய்பாட்டை எழுதி, வேகத்துக்கு ஓர் எண் இல்லையே என்று திணறும். புரிந்து படித்த பிள்ளைக்குத் தெரியும், வேகமும் ஈர்ப்பு முடுக்கமும் இரண்டுக்கும் பொதுவானவை, அடித்துவிடலாம். மிச்சம் சைன் கோணத்தின் இருமடி மட்டும். 30-க்கு கால், 60-க்கு முக்கால். தகவு 1:3. அரை நிமிடக் கணக்கு. கூடவே இரண்டின் நெடுக்கமும் சமம் என்பதையும் அது கவனித்திருக்கும், ஏனென்றால் இரண்டு கோணமும் கூடி 90. அடுத்த ஆண்டுக் கேள்வி அதில்தான் வரும்.

ஆக, ஒவ்வொரு பாடத்துக்கும் இதுவே என் வரிசை. முதலில் வருவித்தலைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். பொதுத் தேர்வுக்கான வேலை அதோடு முடிந்தது. பிறகு அந்த வாய்பாட்டில் எதை இரண்டு மடங்காக்கினால் எது மாறும், எது மாறாது என்று ஐந்து கேள்வி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு, அந்தப் பாடத்தில் முந்தைய ஆண்டுகளில் கேட்ட கேள்விகளை நேரம் வைத்துப் போடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். விடையைப் பார்த்து ‘ஓ, இதானா’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது படிப்பில் சேராது.

ஐந்தாம் படி: எங்கே, எப்போது

‘அமைதியான தனி அறையில் படியுங்கள்’ என்று எழுதுகிறவர்கள் கொருக்குப்பேட்டையில் ஓர் அறை வீட்டில் ஐந்து பேராக இருந்து பார்த்ததில்லை. அடுத்த வீட்டு டிவி, எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன், மார்கழி முழுக்கக் கோயில் ஒலிபெருக்கி. இதற்குள்தான் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டின் ஓட்டத்தோடு ஒட்டிப் போங்கள். காசிமேட்டில் ஏலத்துக்குப் போகும் வீடுகளில் விடியற்காலை 3 மணிக்கே விளக்கு எரியும். பெரியவர்கள் கிளம்பிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம் பொன்னான நேரம், ஆனால் அதற்கு இரவு 9-க்கே தூங்க வேண்டும். மணலி பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அப்பா பகலில் தூங்கும் வீட்டில் மாலையில் வெளியே படிப்பதே நல்லது. கிளை நூலகங்கள் இருக்கின்றன. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்றே தனி இடம் உண்டு. விடுமுறை நாளில் எழும்பூர் கன்னிமாரா நூலகம். விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த நிறுத்தம்.

பள்ளி நாளில் மூன்று மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் போதும். ஒரு மணி நேரம் அன்று நடத்தியது, ஒரு மணி நேரம் கணக்குப் பயிற்சி, ஒரு மணி நேரம் பழைய பாடம். போன் இன்னோர் அறையில், அறை இல்லாவிட்டால் அம்மாவின் கையில். வியாசர்பாடி பையனிடமிருந்து பந்தைப் பிடுங்காதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஒரு மணி நேரம் கால்பந்து ஆடிவிட்டு வருகிற பிள்ளை இரவில் தூங்கி வழிவதில்லை. விளையாட்டை நிறுத்திய பிள்ளைதான் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து ரீல்ஸ் பார்க்கிறது.

கோச்சிங் சேர வேண்டுமா? அரசுப் பள்ளியில் படித்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், நீட், ஜேஇஇ பயிற்சி அரசே நடத்துகிறது. தனியார் மையம் என்றால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். டவுட் கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி, சுவரில் ஒட்டிய ரேங்க் போட்டோக்கள் இல்லை. பொதுத் தேர்வுக்குப் பிறகு நடக்கும் முப்பது நாள் கிராஷ் கோர்ஸ், ஏற்கெனவே படித்தவர்களுக்குத் திருப்புதல், படிக்காதவர்களுக்குச் செலவு.

ஆறாம் படி: தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு

நீட், ஜேஇஇ மெயின், க்யூட் மூன்றையும் தமிழில் எழுதலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலம், இந்தி. ஐஐடி கனவு இருக்கிறவர்கள் பிளஸ் ஒன் முதல் நாளிலிருந்தே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீட்டைத் தமிழில் எழுதினாலும் வினாத்தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது விதி. அது வெறும் எச்சரிக்கை வாசகம் என்று நினைக்காதீர்கள். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எழுதிய பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு நீள நோட்டில் இடது பக்கம் உந்தம், நிலைமம், சவ்வூடு பரவல். வலது பக்கம் அவற்றின் ஆங்கிலச் சொல், ஆங்கில எழுத்தில். தினம் பத்துச் சொல். நம் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொல் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதிலிருந்தே எடுக்கலாம். தமிழ்க் கேள்வி வினோதமாகத் தெரிந்தால் பக்கத்து ஆங்கில வரியில் நாலு சொல் அடையாளம் தெரிந்தாலே தப்பித்துவிடலாம்.

ஏழாம் படி: மாதிரித் தேர்வும் தவறு நோட்டும்

ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, பிப்ரவரிக்குப் பிறகு பொதுத் தேர்வு நாட்கள் நீங்கலாக வாரம் ஒன்று. நீட்டுக்கு மதியம் 2 முதல் 5 வரை உட்கார்ந்து எழுதுங்கள், ஏனென்றால் நிஜத் தேர்வும் அந்த நேரம்தான். சாப்பிட்டதும் கண் சொக்கும் பழக்கம் இருந்தால் அது இப்போதே தெரியட்டும். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, பால்பாயின்ட் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகுங்கள். 180 நிமிடத்தில் உயிரியலுக்கு 50, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 போக 20 நிமிடம் கையில் இருக்க வேண்டும். ஜேஇஇ, க்யூட் எழுதுகிறவர்கள் கணினியில் எழுத வேண்டும். போனில் மட்டும் பயிற்சி செய்த விரல், மவுஸைப் பிடித்ததும் தடுமாறும். பிரவுசிங் சென்டரிலோ பள்ளியின் ஹைடெக் லேபிலோ நாலைந்து முறையாவது மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள்.

தேர்வு எழுதுவதைவிட எழுதிய பிறகு செய்யும் வேலை பெரிது. தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி. என்னிடம் வந்த ஒரு மாணவியின் நோட்டில் இப்படி இருந்தது: ‘கேள்வி 37, தவறானது எது என்று கேட்டதை சரியானது எது என்று படித்தேன். கேள்வி 52, சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. கேள்வி 61, பாடமே தெரியாது. கேள்வி 88, விடை 2, வட்டம் 3.’ நான்கு தவறில் ஒன்றுதான் படிக்காததால் வந்தது. மற்ற மூன்றும் பழக்கம். படிக்காததைப் படிக்க ஒரு வாரம் ஆகும்; ‘தவறானது’ என்ற சொல்லின் கீழே கோடு போடும் பழக்கம் அடுத்த தேர்விலேயே நான்கு மதிப்பெண் தரும், கூடவே ஒரு மைனஸையும் மிச்சப்படுத்தும்.

மைனஸ் மார்க் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், கணக்குப் போட்டுவிடுவோம். நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஒன்றுமே தெரியாத நான்கு கேள்வியைக் குத்துமதிப்பாக அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 4-இல் 3 போக 1 மிச்சம். நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் இரண்டு சரி, இரண்டு தவறு: 8-இல் 2 போக 6. அதனால் என் விதி, ஒரு விடையையாவது காரணத்தோடு நீக்க முடியாத கேள்வியைத் தொடாதே, இரண்டை நீக்க முடிந்தால் தயங்காதே. க்யூட்டில் சரிக்கு 5 என்பதால் இன்னும் துணிச்சலாக இருக்கலாம். ஜேஇஇயின் எண் விடைக் கேள்விகளில் தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் கிடையாது, தவறுக்கு மைனஸ் உண்டு. அங்கே ஊகம் வேண்டாம்.

எட்டாம் படி: ஆண்டைப் பிரித்துக்கொள்வது

பிளஸ் டூ ஆண்டில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் ஜேஇஇ மெயின் முதல் அமர்வு, திருப்புதல் தேர்வுகள், செய்முறை, மார்ச்சில் பொதுத் தேர்வு, ஏப்ரலில் ஜேஇஇ இரண்டாம் அமர்வு, வழக்கமாக மே முதல் ஞாயிறு நீட்.

நவம்பர், டிசம்பரில் இரண்டு வாரத்தை மழைக்கென்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் தண்ணீர் வடியவும், எண்ணெய்ப் படலம் அகலவும் எத்தனை நாள் ஆயின என்று உங்களுக்கே தெரியும். தரைத்தள வீடாக இருந்தால் அக்டோபர் முடிவதற்குள் நோட்டுகளையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். முக்கியமான பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள், மின்சாரம் இல்லாத இரவிலும் படிக்கலாம்.

ஜனவரி பாதி முதல் மார்ச் வரை பொதுத் தேர்வுக்கே முதலிடம். ஐஐடிக்கும் என்ஐடிக்கும் ஜேஇஇ ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் அல்லது உங்கள் வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 65. இந்த மாதங்களில் தினமும் நாற்பது கேள்வி மட்டும் நுழைவுத் தேர்வுக்குப் போட்டால், கை மறக்காமல் இருக்கும்.

ஒன்பதாம் படி: சான்றிதழும் பணமும்

இதை அப்பா அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பிளஸ் ஒன் விடுமுறையிலேயே சரிபாருங்கள். ஆதாரில் திருத்தம் இருந்தால் அப்போதே செய்துவிடலாம். விண்ணப்பம் தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நீளும்.

தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டும் உதவும். ஐஐடி, என்ஐடி, அகில இந்திய மருத்துவ ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் மருத்துவம், பொறியியல் இரண்டிலும் இது கிடைக்கும். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பழம்பெரும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ‘அது இன்னும் நல்ல ஸ்கூல்’ என்று ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை மாற்றுகிற பெற்றோர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி சீட்டுக்கான ஒரு வழியை அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். மாற்றுவதும் மாற்றாததும் அவர்கள் விருப்பம், தெரிந்து செய்ய வேண்டும்.

மீனவர் வீடுகளுக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நிற்கும் அதே நாட்களில்தான் நீட் எழுதப் போவதும், பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதும், கல்லூரி விண்ணப்பம் வாங்குவதும் வரும். தைக்குள் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டியிராது. கல்லூரி சேர்ந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், மையத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வு நாளில் ஓடிபிக்காக அவர் கடை திறக்கக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பத்தாம் படி: தேர்வு நாள்

நீட்டுக்கு 1.30 மணிக்குக் கேட்டை மூடினால் மூடியதுதான். சென்டர் பூந்தமல்லி பக்கமோ தாம்பரத்துக்கு அப்பாலோ விழலாம். முந்தின ஞாயிறே அதே நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு என்பது அப்போதுதான் உறைக்கும். அரைக்கை, சாதாரணச் செருப்பு, நகை வேண்டாம். ஹால் டிக்கெட், அதில் ஒட்டச் சொன்ன போட்டோ, அசல் அடையாள அட்டை, உள்ளே தெரிகிற தண்ணீர் பாட்டில். பேனா அங்கேயே தருவார்கள். கத்திரி வெயில் தொடங்கும் நேரம், வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லியோ இடியாப்பமோ போதும். அன்றைக்கு மட்டும் பிரியாணி வேண்டாம்.

பிறகு

முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் பொறியியல், கலைக் கல்லூரி, வேளாண்மை, துணை மருத்துவம் எல்லாவற்றுக்கும் பதிவு செய்துவிடுங்கள். அகில இந்திய 15 சதவீதத்துக்கு ஒரு கலந்தாய்வு, மாநில 85 சதவீதத்துக்கு வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ‘நீட் எழுதிட்டேன், தானா கூப்பிடுவாங்க’ என்று காத்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கிடைக்காவிட்டால் இன்னோர் ஆண்டு உட்காரலாமா? தவறு நோட்டை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கவனக் குறைவும் நேரக் குறைவும் என்றால், கட்-ஆஃபுக்கும் உங்களுக்கும் சில பத்து மதிப்பெண்ணே இடைவெளி என்றால், ஓர் ஆண்டு பலன் தரும். பாடமே தெரியாதவை அதிகம் என்றால், கிடைத்த கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள். நீட்டுக்கு முயற்சி எண்ணிக்கையில் வரம்பு இல்லை. ஜேஇஇ மெயினைத் தொடர்ந்து மூன்று ஆண்டு, அட்வான்ஸ்டை இரண்டு ஆண்டு எழுதலாம். மீண்டும் எழுதுவதாக இருந்தால் கோச்சிங் தேடுவதற்கு முன் பிளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதியை எடுத்து, இரண்டாம் பாடத்திலிருந்து கணக்குகளைப் போட ஆரம்பியுங்கள்.